ரொட்டி அறை

சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்காகப் புருஷனும் பெண்டாட்டியும் காலையிலிருந்தே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்து அனுப்புகிறவள். கட்டிலுக்கடியில் வைத்த அரிசி மூட்டையில் எலி மறுபடியும் ஓட்டை போட்டிருந்தது; மளிகை வைக்க அவளுக்கு அந்த அறை வேண்டும். வேலையை உதறிவிட்டு வீட்டோடு இருக்கும் புருஷனுக்கோ, கம்ப்யூட்டரில் சீட்டாட ஓர் ஆபீஸ் ரூம் வேண்டும்.

“அலமாரியா, மேஜையா? சட்டுனு சொல்லுங்கம்மா,” என்றார் மரவேலைக்கு வந்திருந்த தச்சர், அளவு நாடாவை உருவியபடி.

“வீட்டு பிளான்லயே பேண்ட்ரி, சாமான் வைக்கிற ரூம்னுதானே போட்டிருக்கு?” என்றாள் அவள்.

புருஷன் செல்போனைத் தட்டினார். “பேண்ட்ரின்னா ரொட்டி வைக்கிற அறைடி. லத்தீன்ல பானிஸ்னா ரொட்டி. நீ என்ன ரொட்டியா விக்கிறே?”

தச்சர் மேஜைக்கு அளக்கக் குனிந்தார்.

“இருங்கண்ணே. ஏங்க, அப்படியே ஆபீஸுக்கும் என்ன அர்த்தம்னு பாருங்களேன்.”

பார்த்தவர் தொண்டையைச் செருமினார். “அதுவும் லத்தீன்தான். வேலை செய்யறதுன்னு...”

“இந்த வீட்ல அதை யாரு செய்யறா?”

தச்சர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

“அலமாரியே அடிங்கண்ணே. கீழ்த்தட்டுல மூட்டை நிக்கணும், பார்த்துக்குங்க.”