மலை முழுதுக்கும் ஒரே ஜோடி

மழை முதலில் பெய்ததா, அரம் முதலில் ஓடியதா என்பது எனக்கு நிச்சயமில்லை. கிஸ்லேனைக் கேட்டால் அரமே இல்லை என்பான். என் நினைவில் அரம்தான் முதல்.

எங்கள் கியூபெக் மலையில் சிறுவர் பனிச்சறுக்குக் குழுவுக்கு அந்தக் குளிர்காலம் ஒரு பயிற்சியாளர் தேவைப்பட்டார். தலைவி மிரேய் ஒரு நிபந்தனை வைத்தாள்: ஒரே ஜோடி ஸ்கியோடு, அதாவது ஒரே ஜோடி சறுக்குப் பலகையோடு, வர வேண்டும். இரும்புக் கம்பிமேல் சறுக்குவதும் செங்குத்துச் சரிவில் இறங்குவதும் அதில்தான். போட்டியில் என் நண்பர்கள் இருவர், நோர்மானும் கிஸ்லேனும். மர ஆலையில் வேலை போயிருந்த கிஸ்லேனுக்கு இது கட்டாயம் கிடைத்தாக வேண்டும்.

இலையுதிர்காலம் முழுவதும் அவன் ஸ்கி தேர்ந்தெடுத்தான். வீடு கட்டுகிறவர்கள்கூட மண்ணை இவ்வளவு சோதிப்பதில்லை. காலடியில் எவ்வளவு அகலம், நுனி எவ்வளவு வளைவு, வால் எவ்வளவு தூக்கல். ஒரே ஜோடி தாராளமாகப் போதும் என்று நாங்கள் எல்லோரும் அவனுக்குச் சொன்னோம். எங்கள் கொட்டகைகளில் ஆளுக்கு ஐந்து ஜோடி கிடந்தது.

கடைசியில் வாங்கியது இரு முனையும் வளைந்தது, அகலமும் இல்லை குறுகலும் இல்லை; பின்பக்கமாகவும் போகும் என்று மிரேயிடம்கூடப் பெருமையாகச் சொன்னான். நல்ல ஸ்கி. இன்றும் அதைத்தான் சொல்வேன்.

தேர்வுக்கு முந்தைய நாள் கம்பியில் ஏறினான். உறைபனியைக் கவ்வவேண்டிய எஃகு விளிம்பு கம்பியைக் கவ்வியது. முகம் குப்புற விழுந்தான்.

"டேய், இது ஸ்கியா, சவரக்கத்தியா?" நோர்மான் அரத்தை நீட்டினான். "விளிம்பை மழுக்கு. காலுக்குக் கீழ மட்டும். நாலு இழுப்பு போதும்."

"உனக்கு ஏன்டா அக்கறை? நாளைக்கு நீயும்தான வர்ற."

"நீ மூக்க ஒடச்சுக்கிட்டா, தனியா ஓடி ஜெயிச்சேன்னு ஊரு சிரிக்கும்."

கிஸ்லேன் காலுக்குக் கீழே இழுத்தான். பிறகு கொஞ்சம் முன்னால். முன்னால் இழுத்ததால் பின்னாலும். எதையும் பாதியில் விடுகிற ஆள் இல்லை அவன். முடித்தபின் நுனியிலிருந்து வால்வரை விரலை ஓட்டிப் பார்த்தான்.

"கொழந்த கன்னம் மாதிரி இருக்கு," என்றான்.

இரவு மழை. விடியலில் உறைந்தது. எங்கள் ஊரில் அது வானிலை அல்ல, பழக்கம்.

காலையில் கம்பிமேல் வெண்ணெயாக வழுக்கிப் போனான். நோர்மானே கைதட்டினான். அடுத்து செங்குத்துச் சரிவு, முழுக்கக் கண்ணாடி. முதல் திருப்பத்தில் கிஸ்லேன் சாய்ந்தான், ஸ்கி கேட்கவில்லை. பக்கவாட்டில் போனான், பிறகு பின்பக்கமாக, விழாமல், யாரையோ வரவேற்பதுபோல் கைகளை விரித்தபடி முழுச் சரிவையும் கடந்து, மிரேய் நின்ற இடத்துத் தடுப்பு வலையில் வந்து சேர்ந்தான்.

மிரேய் காப்பிக் கோப்பையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"பின்பக்கமாவும் போகும்னு சொன்னியே. நெசந்தான்."

"அகலம் ரெண்டு மில்லிமீட்டர் ஜாஸ்தி," என்றான் கிஸ்லேன்.

அவள் குனிந்து விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள், கீறலே இல்லை.

"நோர்மான், நீ எறங்கு."

நோர்மான் ஆறு குளிர்காலம் பயிற்சி கொடுத்தான். முழங்கால் போனபின் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். மிரேய் ஓய்வு பெற்று மொன்றியலில் மகளோடு இருக்கிறாள். அந்த ஸ்கியைக் கிஸ்லேன் என் தலையில் கட்டினான். விளிம்பைத் தீட்டிக்கொண்டு மலை முழுவதும் நான் அதில்தான் போகிறேன். கிஸ்லேன் பக்கத்து ஊரில் ஸ்கி கடை வைத்திருக்கிறான். மலை முழுதுக்கும் எந்த ஒரு ஜோடி வாங்கலாம் என்று வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிறான். அவன் வீட்டில் ஒன்பது ஜோடி இருக்கிறது.