கோமுவுக்குக் காய்ச்சல் வராத கதை

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. இதைவிட உயர்வான பிறப்பிடம் ஒன்றைச் சொல்ல எனக்கும் ஆசைதான். [குறுக்குத்துறைப் படியில் உட்கார்ந்து தாமிரபரணியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது] என்று ஒரு தொடக்கம் எழுதினேன். பச்சைப் பொய். நான் ஆற்றுப் பக்கம் போயே இரண்டு வருஷமாகிறது. அடித்துவிட்டேன், அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்று அடைப்புக்குள் அப்படியே விட்டிருக்கிறேன்.

கூப்பிட்டவர் பத்திரிகை ஆசிரியர் காந்திமதிநாதன். சிறப்பிதழ் கொண்டுவருகிறாராம். ஆசிய-பசிபிக் வட்டாரத்தில் உயிரித் தொழில்நுட்பமும் பொதுச் சுகாதாரமும். கட்டுரை வேண்டாம், கதை வேண்டும். அதுவும் நம்பிக்கையோடு முடிய வேண்டும்.

"அண்ணாச்சி, பசிபிக் கடல் எங்கன கெடக்கு, பாளையங்கோட்டை எங்கன கெடக்கு?" என்றேன்.

"நடுவுல நீங்க ஒரு பாலத்தப் போடுங்க" என்று போனை வைத்துவிட்டார். பாலம் போடுவது அவ்வளவு லேசாகப் போய்விட்டது அவருக்கு. இந்த ஊரில் ஒரு பாலம் முடிய எத்தனை வருஷம் ஆகும் என்று தெரியாத மனுஷரா அவர்?

2

முத்துராணியை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வீடு வீடாகப் போய், தொட்டியிலும் குடத்திலும் கொசுப்புழு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பவள். டெங்கு மஸ்தூர் என்பார்கள். எங்கள் தெரு அவள் பங்கு. வேலை முடிந்ததும் என் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பாள். நான் எந்தக் கடையில் தூள் வாங்கினாலும் தீர்ப்பு ஒன்றுதான்.

"இதெல்லாம் ஒரு தூளாக்கா? எஸ்டேட்டுல இதத் தூத்துத் தள்ளிருவோம்."

சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, எஸ்டேட்டை மூடி எல்லாரும் மலையிறங்கியபோது புருஷன் செந்தூர்பாண்டியோடும் மகள் கோமுவோடும் இறங்கி வந்தவள். அப்படி வந்த ஏழெட்டுக் குடும்பம் ஊருக்கு வெளியே ஒரே தெருவில் வாடகைக்கு இருக்கிறார்கள். மேலே அட்டை கடித்தது, குளிர் கடித்தது. டெங்கு என்ற பேரை அவர்கள் செய்தியில்தான் கேட்டிருந்தார்கள். கீழே தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. டிரம் வாங்கினார்கள், பிடித்து வைத்தார்கள். முதல் மழைக்காலத்திலேயே கோமுவுக்கு டெங்கு வந்துவிட்டது.

பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொல்லி அனுப்பினார். டெங்குவில் நாலு வகை இருக்கிறது. ஒரு வகை வந்தவளுக்கு அடுத்த முறை வேறு வகை வந்தால் முன்னதைவிட மோசமாகப் போகலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

"பாத்துக்கிடுங்கன்னு சொல்லிட்டாவ. எதக்கா பாக்க? கொசு என்ன சொல்லிக்கிட்டா வருது?"

அதற்காகவே இந்த வேலையில் சேர்ந்தாள். ஒரு பாத்திரத்துக்கு இவ்வளவு நேரான காரணத்தை நானாகக் கொடுத்திருந்தால், கொஞ்சம் கோணலாக இருக்கட்டுமே என்று மாற்றியிருப்பேன். உண்மை என்பதால் கை வைக்கவில்லை.

3

பாலத்துக்கு இந்தக் கரையில் ஆள் கிடைத்துவிட்டது. அந்தக் கரையிலிருந்து என்ன கொண்டுவருவது? உட்கார்ந்து படித்தேன்.

வொல்பாக்கியா என்று ஒரு நுண்ணுயிர். எத்தனையோ பூச்சிகளின் உடம்பில் அது இயல்பாகவே குடியிருக்கிறது. டெங்குவைப் பரப்பும் கொசுவில்தான் அது இல்லை. ஆஸ்திரேலியாவில் அதைக் கொண்டுபோய்க் கொசுவுக்குள் குடியேற்றினார்கள். அது உள்ளே இருந்தால் டெங்குக் கிருமி அந்தக் கொசுவில் சரியாக வளர முடிவதில்லை. தாய்க்கொசுவின் முட்டை வழியாகப் பிள்ளைக் கொசுவுக்கும் போய்விடுகிறது. இந்தோனேசியாவில் யோக்யகர்த்தா என்ற நகரத்தில் ஜனங்கள் தங்கள் வீட்டு முற்றத்திலேயே அந்தக் கொசு முட்டையைத் தண்ணீர் வாளிகளில் வைத்துக் கொசு வளர்த்தார்கள். வளர்த்த பகுதிகளில் டெங்கு ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறைந்தது.*

* புதுச்சேரியிலும் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். நம்ம பக்கம் வாளி வந்ததாகத் தெரியவில்லை. கதையில் நான் கொண்டுவருகிறேன். இதை நம்பி எந்த ஆபீஸிலும் போய் வாளி கேட்டு நிற்காதீர்கள்.

முத்துராணியிடம் சொன்னேன். டீ புரையேறிவிட்டது அவளுக்கு.

"கொசுவ ஒழிக்கதுக்கு எனக்குச் சம்பளம் குடுக்காவ. கொசுவ வளக்கதுக்கு ஒரு திட்டமா? யக்கா, ஒங்களுக்கு வெயிலு தலைக்கேறிட்டு."

சிரித்து முடித்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "அந்த ஊருல நெசமாவே கொறஞ்சிட்டா?"

"குறைஞ்சிருக்கு முத்துராணி."

"அப்பம் கதையிலயாவது எங்க தெருவுக்குக் கொண்டாங்க."

பேரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு மாத்தணும்? நான் என்ன களவாண்டேனா?" என்று எழுந்து போய்விட்டாள்.

4

முதல் வரி: [கோமுவுக்கு அன்று காலையிலிருந்தே கண்ணுக்குப் பின்னால் வலித்தது.]

நல்ல வரி. வாசகர் அடுத்த வரிக்குக் கண்டிப்பாக வருவார். மறுநாள் வாசல்படியில் பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

"யக்கா, அத அடிங்க."

"கதைன்னா ஒரு பயம் வேணும்லா?"

"பயம் எங்கிட்ட நெறையக் கெடக்கு. வேணுங்கிற மட்டும் எடுத்துக்கிடுங்க. புள்ளைக்கு வலிக்காண்டாம்."

அடித்துவிட்டேன். அடித்த பிறகுதான் தெரிந்தது, காந்திமதிநாதன் என்னை எப்படிப்பட்ட குழியில் தள்ளியிருக்கிறார் என்று. பொதுச் சுகாதாரத்தில் ஜெயிப்பது என்றால் ஒன்றும் நடக்காமல் இருப்பது. காய்ச்சல் வராமல் இருப்பது, ஆஸ்பத்திரிக்கு ஓடாமல் இருப்பது, பிள்ளை வழக்கம்போல் சாப்பாட்டில் குறை சொல்வது. பெரியம்மை ஒழிந்ததால் சாகாமல் போனவர்கள் நம் நடுவில்தான் நடமாடுகிறார்கள். அவர்களில் ஒருத்தராவது அதைப் பற்றிக் கதை சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நடக்காத ஒன்றை வைத்துக்கொண்டு நான் என்னத்தை எழுதுவது? போனை எடுத்து அவரைத் திட்டலாம் என்று பார்த்தேன். எடுக்கவில்லை அவர்.

5

இனி கதை.

இர்ஷாத் மேலப்பாளையத்துப் பையன், பூச்சியியல் படித்தவன். வேனில் வெள்ளை வாளிகளைக் கொண்டுவந்து முத்துராணியின் தெருவில் இறக்கினான். மூடி போட்ட வாளி, பக்கத்தில் சின்னச் சின்னத் துளை. உள்ளே கொஞ்சம் தண்ணீர், முட்டை ஒட்டிய ஒரு காகிதப் பட்டை, புழு தின்னக் கொஞ்சம் தீவனம். இரண்டு வாரத்தில் புழுவெல்லாம் கொசுவாகித் துளை வழியே பறந்துவிடும்.

தெருவில் பெரிய வாய் சுடலைவடிவுக்கு. அவளும் எஸ்டேட்டிலிருந்து வந்தவள்தான். "போன வாரம் வரைக்கும் இவ எங்க வீட்டுக் கொடத்தையெல்லாம் கவுத்துட்டுப் போனா. இப்பம் இவளே கொசுவக் கொண்டாந்து வைக்கா. என்னதான் நடக்குது இங்கன?"

இர்ஷாத் விளக்கம் சொல்ல வாயெடுத்தான். முத்துராணி முந்திக்கொண்டாள்.

"எம் மவளுக்கு ஒருவாட்டி வந்துட்டு மதினி. இன்னொருவாட்டி வந்தா..." குனிந்து ஒரு வாளியின் கைப்பிடியைப் பிடித்தாள். "மொத வாளிய எங்க வீட்டுல வைக்கேன். கடிச்சா எங்களக் கடிச்ச பொறவு ஒங்களக் கடிக்கட்டும்."

சுடலைவடிவு ஒரு வாளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே மற்றவர்களும் எடுத்தார்கள். "தண்ணிய மட்டும் சுத்தமா வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு இர்ஷாத் வேனில் ஏறினான்.

இரண்டு வாரம் கழித்து வந்து முதல் மூடியைத் திறந்தான். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. மேலே ஒரு கொத்து வேப்பிலை மிதந்தது, அடியில் புழுக்கள் செத்துக் கிடந்தன. அடுத்த வீட்டிலும் அதுதான். அதற்கடுத்த வீட்டிலும் அதுதான். எல்லாரையும்விட அதிகமாக மஞ்சள்பொடி போட்டிருந்தவர் கோமுவின் அப்பா செந்தூர்பாண்டி. கை நிறைய அள்ளிப் போட்டிருக்கிறார், மகளுக்காக.

"சுத்தமா வைக்கச் சொன்னியள்லா?" என்றாள் சுடலைவடிவு. "வேற எப்படி வைப்பாவ?"

அதுவும் நியாயம்தானே. அம்மை கண்ட வீட்டிலிருந்து அம்மன் கோயில் குடம்வரை சுத்தம் என்றால் மஞ்சளும் வேப்பிலையும்தான் அவர்களுக்கு.*

 * இதை நான் கட்டிச் சொல்லவில்லை; கதைக்கு வெளியே நடந்ததிலிருந்து எடுத்தது. கொசுப்புழுவைத் தின்கிற மீனை ஒரு வீட்டுத் தொட்டியில் விட்டுவிட்டு வந்தாள் முத்துராணி. மறுவாரம் போனால் மஞ்சள் தண்ணீரில் மீன் மிதக்கிறது. மீனுக்குத் திருஷ்டி பட்டுவிடக் கூடாதென்று போட்டார்களாம்.

இர்ஷாத் நடைக்கல்லில் உட்கார்ந்துவிட்டான். மழைக்கு முன்னால் இன்னும் ஒரே ஒரு தடவை முட்டை கிடைக்கும். அதுவும் கெட்டால் வாளிகள் வேறு ஊருக்குப் போய்விடும். முத்துராணி மகளைப் பார்த்தாள். கோமு வாசலில் நின்று சடை பின்னிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என் மேலதான். எதையும் போடாதீங்கன்னு சொல்லிருக்கணும்" என்றான் இர்ஷாத்.

"தொடப்பிடாதுன்னா தொடப்பிடாதுன்னு சொல்லணும் தம்பி" என்றாள் சுடலைவடிவு. "மொளப்பாரிய நாங்க ஒருநாளாவது எட்டிப் பாத்துருக்கமா?"

முளைப்பாரி தெரியாதவர்களுக்காக: கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் மண்சட்டியில் விதை ஊன்றி, ஒரு வீட்டு இருட்டறையில் வைப்பார்கள். பொறுப்பெடுத்தவள் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். சட்டி ஊர்வலத்துக்கு வெளியே வரும்வரை வேறு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் முளை கருகிவிடும் என்று பயம்.

இரண்டாம் தடவை வாளி வந்தபோது ஒவ்வொரு வாளியையும் மூடியோடு சேர்த்து மஞ்சள் நூலால் காப்புக் கட்டினார்கள். பொறுப்பு முத்துராணிக்கு. யாரோ குலவை போட்டார்கள். இர்ஷாத் பயந்து இரண்டடி பின்னால் போய்விட்டான். அன்றிலிருந்து அந்த வாளிகளை யாரும் தொடவில்லை. செந்தூர்பாண்டி மட்டும் தன் வீட்டு வாளியைப் பார்க்கிற ஆசையில் தூண் மறைவிலிருந்து கழுத்தை நீட்ட, "ஏங்க!" என்று முத்துராணியின் சத்தம் வந்தது. பைய நழுவிவிட்டார்.

6

முடிவு ஒன்று: [மழை பிடித்துக்கொண்ட அன்று கோமு பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் திரும்பி வந்தாள். நெற்றி...]

இவ்வளவுதான் இப்போது மிச்சம். முதலில் கடைசி வரி வரை எழுதியிருந்தேன். முத்துராணிக்குத் தெரியாமல்தான். எழுதும்போதே கண் கலங்கியது. நமக்கு இன்னும் எழுத வருகிறதே என்று சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் முத்துராணி வேலைக்கு வரவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. போன்தான் வந்தது.

"யக்கா, கோமுக்குக் காய்ச்சலு. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரில இருக்கோம். ரத்தம் எடுத்துட்டுப் போயிருக்காவ."

இது கதை இல்லை. கதைக்கு வெளியே, நிஜமான கோமுவுக்கு, நிஜமான மழையில்.

நான் சாமி கும்பிடாதவள். ஜாதகம், சகுனம் எதுவும் கிடையாது. அப்படிப்பட்டவள் கம்ப்யூட்டர் முன்னால் ஓடிப்போய் உட்கார்ந்து, முடிவு ஒன்றை அழித்தேன். அழித்தது போய் விழுகிற குப்பைத்தொட்டியையும் திறந்து, அங்கேயும் அழித்தேன். ஐயோ, நான் எழுதித்தானா என்று ஒரு கேள்வி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கொசுவுக்கு நான் எழுதுவது எப்படித் தெரியும், கிறுக்கி, என்று என்னையே வைதுகொண்டேன். வைதும் பயம் போகவில்லை.

சாயங்காலம் மறுபடி போன். எடுத்ததும் அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். எனக்கு உயிரே போய்விட்டது.

"இல்லியாம்க்கா. டெங்கு இல்லியாம். வெறும் சளிக் காய்ச்சலாம்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அழுதோம். முடிவு ஒன்றுக்கு நான் அழுததெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது.

முடிவு இரண்டு கோமுவுடையது. உடம்பு தேறியதும் சனிக்கிழமை அம்மாவோடு வந்து, மிச்சமிருந்ததை உட்கார்ந்து படித்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகாவிட்டால் அடுத்த தசராவுக்குக் குலசேகரன்பட்டினத்து அம்மன் கோயிலுக்கு வேஷம் கட்டி அனுப்புவதாக முத்துராணி ஆஸ்பத்திரியில் வைத்து நேர்ந்திருந்தாள்.

"நான் கொசு வேஷம் கட்டுவேன்" என்றாள் கோமு.

"ஏட்டி, காளி கட்டு, கொறத்தி கட்டு. கொசு கட்டிக்கிட்டு எவளாவது அம்மன் முன்னால போய் நிப்பாளா?"

"நல்ல கொசும்மா. இந்தக் கதையில வாற கொசு."

"நல்லது கெட்டதுன்னு பாக்கவனுக்கு எப்படிட்டி தெரியும்?"

"கையில காப்பு கட்டிருப்பேன்லா" என்றாள் கோமு. முத்துராணி டம்ளரை எடுத்தாள். சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தாள். அன்றைக்கு மட்டும் தூளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

7

"அப்பம் அந்த வாளிக்குள்ள கடைசில என்னதான் இருக்கு?" என்று கோமு கேட்டாள்.

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. காப்புக் கட்டியாகிவிட்டது; எழுதியவளுக்கும் அதே சட்டம்தான். காந்திமதிநாதனும் கேட்டுவிட்டார். "நம்பிக்கையோட முடிச்சாச்சா?"

"முடிக்கலை அண்ணாச்சி. காத்துக்கிட்டிருக்கோம்."

வாளியை உங்கள் பொறுப்பில் வைத்துவிட்டுப் போகிறேன். மூடியைத் திறக்கிற நாள் உங்களுடையது. அதுவரை எட்டிப் பார்க்காதீர்கள். மஞ்சள் போடாதீர்கள், வேப்பிலை போடாதீர்கள். என்னைப் போல அவசரப்பட்டுக் கண்ணீரும் விடாதீர்கள். உங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு ஒன்று இருக்கும். அதை மட்டும் இன்றைக்கே எடுத்துக் கவிழ்த்துவிடுங்கள். இது முத்துராணி சொல்லச் சொன்னது.

வெளியே நல்ல மழை. இன்றைக்குத் திங்கட்கிழமை. கோமு பள்ளிக்கூடம் போயிருக்கிறாள்.