சிவப்புக் கோட்டில் நின்ற லாரிகள்

செல்லூர்ச் சந்துகளில் பவர்லூம்களின் தடதடப்புக்கு மேலாக இன்னொரு சத்தம் கேட்டது. விடிந்தும் விடியாத அந்த நேரத்தில், நல்லகாமனின் லாரி செட்டில் சோணை இரும்பைத் துளைத்துக்கொண்டிருந்தான்.

கையால் சுற்றுகிற டிரில்லிங் மெஷின். அதன் தகட்டை நெஞ்சால் அழுத்தினால்தான் முனை இறங்கும். இன்ஜினின் புகையெல்லாம் சேர்ந்து வெளியேறும் வார்ப்பிரும்புக் குழாயைக் கழற்றி வைஸ் பிடியில் இறுக்கியிருந்தான். வார்ப்பிரும்பு சுருளாக வருவதில்லை, கருந்தூளாகக் கொட்டும். அது மூக்கில் ஏறியது, வியர்வையோடு உதட்டில் இறங்கியது, பல்லில் நறநறத்தது. விலா வலித்தது. அவன் நிறுத்தவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்த முனைக்குக் கீழே நல்லகாமனின் முகத்தை நினைத்துக்கொண்டான்.

சோணையின் அக்கா இருளாயியின் புருசன் கருத்தக்கண்ணன் இந்த செட்டில்தான் டிரைவராக இருந்தான். மாசி மாதத்தில், அளவுக்கு மேல் சிமெண்ட் மூடை ஏற்றிய வண்டியோடு ஆண்டிபட்டிக் கணவாயில் திணறி ஏறியபோது, இதே மாதிரி ஒரு குழாய் சூடேறிச் செக்கச் சிவந்தது. அதன் மேலே டீசல் பைப் கசிந்துகொண்டிருந்தது. பைப்பை மாற்றச் சொல்லி அவன் பலமுறை கேட்டிருந்தான். "இந்த டிரிப் போயிட்டு வா" என்பதே ஒவ்வொரு முறையும் முதலாளி நல்லகாமனின் பதில். தீ அவன் காலடியிலிருந்து கிளம்பியது. இடுப்புக்குக் கீழே வெந்து, ஆஸ்பத்திரியில் செத்தான்.

மதுவிலக்கு இருந்த காலம் அது. டிரைவர் சாராயம் குடித்திருந்தான் என்று போலீசில் சொல்லிவிட்டான் நல்லகாமன். செத்தவன் குற்றவாளியானான். இருளாயிக்கு நஷ்டஈடும் இல்லை, புருசனுக்கு நல்ல பேரும் இல்லை.

வெயில் ஏறும்போது நல்லகாமன் ஓர் அட்டைப் பெட்டியோடு வந்தான். நான்கு வண்டிகளின் டிரைவர்களையும் கூப்பிட்டு, கடிகாரம் மாதிரி ஒரு மீட்டரையும் விரல் நீளக் கம்பி ஒன்றையும் எடுத்துக் காட்டினான்.

"கப்பல்காரன் ஒருத்தன்கிட்ட வாங்குனது. சோணை போடுற தொளை வழியா இந்தக் கம்பி கொழாய்க்குள்ள இருக்கும். பொகை எம்புட்டுச் சூடுன்னு மீட்டர் முள்ளு காட்டும். இந்தச் செவப்புக் கோட்டைத் தாண்டுனா இன்ஜினுக்கு ஆபத்து. தாண்டிட்டு முள்ளை எறக்கிட்டாலும் தப்ப முடியாது. கூடவே ஏறுற இன்னொரு முள்ளு தாண்டுன எடத்துலயே நின்னுக்கிடும். அதைத் திருப்புற சாவி என் பையில இருக்கு. எவன் கோட்டைத் தாண்டுறானோ, மறுநா அவன் வேலைக்கு வர வேணாம்."

டிரைவர்களில் மூத்தவன் மலைச்சாமி. "லோடைக் கொறைச்சா முள்ளு ஏன் மொதலாளி செவப்புக்குப் போகுது?" என்றான்.

"லோடு என் பாடு. ஓட்டுறது உன் பாடு. கருத்தக்கண்ணன் செத்ததுல எனக்கு எம்புட்டு நட்டம் தெரியுமாடா?"

சோணையின் கை ஸ்பேனரை இறுக்கியது. நல்லகாமனின் பிடரி இரண்டு எட்டுத் தூரத்தில்தான் இருந்தது. மலைச்சாமி நடுவில் வந்து நின்றுகொண்டான்.

முதலாளி போன பிறகு சோணை துளைக்குள் மரை வெட்டினான். தூளைத் துடைத்தெடுத்துவிட்டு, குழாயை மறுபடி இன்ஜினில் பூட்டி, கம்பியைச் செருகி நட்டை மாட்டினான். ஒயரை டேஷ்போர்டு வரை இழுத்து மீட்டரைப் பொருத்தினான். மலைச்சாமி குனிந்து, கம்பியை விரலால் அசைத்துப் பார்த்தான். அது ஆடியது.

"நட்டு லூசா இருக்கே?"

"இருக்கட்டும்ணே. கணவாய்ல நெருப்பு வெளிய கக்கும். அவன் வண்டி எரியட்டும். அவன் வயிறும் எரியட்டும்."

"எரியிறது அவன் வண்டி. வேகுறது என் காலுடா."

சோணைக்கு முகம் செத்துப்போனது. ஸ்பேனரை எடுத்து நட்டை இறுக்கினான். இறுக்கி முடித்தும் அதை விடவில்லை.

"அப்ப எங்க மச்சானுக்கு என்னதான்ணே பதிலு? சும்மா விடச் சொல்றீகளா?"

மலைச்சாமி சீட்டில் ஏறி அந்த மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "கோட்டைத் தாண்டக் கூடாதுங்கிறான்ல? தாண்ட மாட்டோம். கோடு எங்க வருதோ, அங்க நிப்போம். ஒரு வண்டி இல்ல, நாலும்."

சாயங்காலம் ஆரப்பாளையம் டீக்கடையில் பேச்சு நடந்தது. மற்ற டிரைவர்களில் இரண்டு பேர் உடனே சரியென்றார்கள். நான்காவது டிரைவர் சிவனாண்டி மட்டும் டம்ளரைக் கையில் உருட்டினான்.

"எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக. வேலை போச்சுன்னா?"

சோணையோடு வந்திருந்த இருளாயி முன்னால் வந்தாள். "எனக்கும் ரெண்டு இருக்குண்ணே. உங்களுக்கு வேலை போகும்னு பயம். என் வீட்டுல ஆளே போயிருச்சு. அவரு சொட்டுத் தொட்டதில்ல. அவரைக் குடிகாரன்னு சொன்ன வாயி, அதே வாயால இல்லைன்னு சொல்லணும். அதைக் கேக்காம எனக்குச் சோறு எறங்காது."

சிவனாண்டி டம்ளரைக் கீழே வைத்தான். "நானும் வாரேன்."

நான்கு வண்டிகளிலும் மீட்டர் மாட்டியானது. அடுத்த லோடு தேனிக்கு. கூட்ஸ் ஷெட்டில் வழக்கம்போலக் கண் மண் தெரியாமல் மூடைகளை ஏற்றினார்கள். முதல் வண்டியில் மலைச்சாமி. பக்கத்தில் சோணையும் இருளாயியும். உசிலம்பட்டி தாண்டியதும் மலை நெருங்கியது. கணவாய் ஏற்றத்தில் வண்டி முனகியது. பானட்டிலிருந்து அனல் முழங்காலில் அடித்தது. கறுப்புப் புகை பின்னால் வந்த வண்டியை மறைத்தது. முள் நடுங்கி நடுங்கி ஏறியது. மலைச்சாமி கியரை இறக்கினான். முள் ஏறிக்கொண்டே இருந்தது. மறுபடி இறக்கினான். கோட்டைத் தொட இன்னும் ஒரு மயிரிழைதான்.

பிரேக்கை மிதித்தான். சோணை குதித்து டயருக்கு அடியில் கல்லைப் போட்டான். பின்னால் மூன்று வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக ஓரங்கட்டி நின்றன.

பஸ்காரர்கள் சேதியைக் கொண்டுபோயிருக்க வேண்டும். உச்சி வெயிலில் நல்லகாமனின் கார் வந்து நின்றது.

"என்னடா இது? கியரை எறக்கி ஏத்துறதுக்கென்ன?"

"ஒண்ணாங் கியர்ல நிக்குது மொதலாளி. அதுக்குக் கீழ கியர் இல்ல," என்றான் மலைச்சாமி. "பாதி மூடையை எறக்கச் சொல்லுங்க, ஏறும்."

"கழட்டுடா சோணை அந்த மீட்டரை!"

"நெஞ்சு நோக மாட்டுனது. கழட்ட மாட்டேன். நீங்கதான மாட்டச் சொன்னீக?" சோணை அவன் கண்ணுக்கு நேரே நின்றான். "லோடை அளவா ஏத்துங்க. ஒழுகுற பைப்பை மாத்துங்க. எங்க மச்சான் குடிக்கலைன்னு போலீசுல போய்ச் சொல்லுங்க. அதுவரைக்கும் வண்டி நகராது."

"நாலு பேரும் நாளைக்குத் தெருவுல நிப்பீங்கடா!"

"இன்னைக்கே நிக்கிறோமே," என்றான் சிவனாண்டி.

எதிர்ப்பக்கமிருந்து பருத்தி ஏற்றி வந்த வேறு கம்பெனி லாரி ஒன்று வேகம் குறைந்தது. நல்லகாமன் கையைக் காட்டி அதை மறித்தான். "டிரைவர்! இந்த வண்டியை மேல ஏத்திக் குடு. என்ன கேட்டாலும் தாரேன்."

அந்த டிரைவர் இறங்கினான். நின்ற வண்டிகளைப் பார்த்தான். கணவாயில் எரிந்த வண்டியின் கதை அந்தப் பாதையில் ஓடும் எல்லா டிரைவர்களுக்கும் தெரியும். சாலையோரம் நின்ற இருளாயியிடம் போனான்.

"கருத்தக்கண்ணன் வீட்டு அம்மாவா?"

அவள் தலையாட்டினாள்.

"என் வண்டியிலயும் பைப்பு ஒழுகுதும்மா," என்றான். திரும்பிப் போய் லாரியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தான். பின்னால் வந்த இன்னொன்றும் நின்றது. கேட்டறிந்துகொண்டு அடுத்ததும் நின்றது.

நல்லகாமன் போலீசைக் கூட்டிவருவதாகக் கத்திவிட்டுக் காரில் ஏறினான்.

"எனக்குக் கோவம் தீரலடா தம்பி," என்றாள் இருளாயி.

"தீர வேணாம்க்கா."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாலைக்கு வந்து டிரைவர்களுக்கு முன்னால் நின்றாள். மேலே வளைவில் மற்றொரு லாரியின் இன்ஜின் அடங்குவது கேட்டது.