சிங்கவரத்துக் கிணறுகளின் எண்ணிக்கை

1964இல் இளையபெருமாள் சென்னையில் தன் ஆராய்ச்சிப் பட்டத்துக்காக நிலக்கடலைச் சாகுபடியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தான். அவனுக்கு வேண்டிய அறிக்கை எந்த நூலகத்திலும் இல்லை. ஏழு வருடங்களுக்கு முன் செஞ்சி வட்டாரத்தில் எடுத்த கிணற்றுக் கணக்கு அது. அச்சிடவில்லை, சைக்ளோஸ்டைலில் இருபது பிரதி போட்டதோடு சரி. கணக்கெடுத்த முகாமையும் கலைத்துவிட்டார்கள்.

செஞ்சிக்கே பஸ் ஏறினான். இரண்டு அலுவலகங்களில் கையை விரித்தார்கள். மூன்றாவதில் ஒரு குமாஸ்தா, "அதை டைப் அடிச்ச வேதநாயகி பஸ் ஸ்டாண்டாண்ட டைப்ரைட்டிங் கிளாஸ் நடத்துது. கேட்டுப் பாருங்க" என்றார்.

வேதநாயகி உள்ளே போய் ஒரு பிரதியை எடுத்து வந்தாள்.

"இதுல மை சரியா ஒட்டல சார். ஆபீசர் தூக்கிப் போடச் சொன்னாரு. நான் வச்சிக்கினேன்."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து பகல் முழுக்க நோட்டில் எழுதினான். சிங்கவரத்துக்கு நாற்பத்து மூன்று கிணறு. அவனுக்குச் சந்தோஷம். அந்த ஊரில் கடலை அதிகம் விளைவதற்குக் கிணறுதான் காரணம் என்று ஒரு அத்தியாயமே எழுதி வைத்திருந்தான்.

சாயங்காலம் வேதநாயகி நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"அந்த நாப்பத்தி மூணு தப்பு சார். கையால எழுதிக் குடுத்த கணக்குல முப்பத்தி நாலுதான். நான் மாத்தி அடிச்சிட்டேன்."

"அப்பவே சொல்லலையா?"

"மறுநாளே சொன்னேன். காப்பியெல்லாம் போயிடுச்சி, விடுன்னுட்டாங்க."

அவனுக்குக் கோபம் வந்தது. அவள் ஞாபகத்தை எப்படி நம்புவது என்றும் தோன்றியது. மறுநாள் காலையில் வாடகை சைக்கிளில் சிங்கவரம் போனான். தாண்டவராயன் என்ற விவசாயி வயல்களைக் காட்டக் கூட வந்தார்.

"இன்னாத்துக்கு சார் கெணறு எண்றீங்க? லோன் எதுனா வருதா?"

"இல்லீங்க. என் படிப்புக்கு."

தாண்டவராயன் அடுத்த வரப்பில் இறங்கினார். மொத்தம் முப்பத்தொன்பது. அதில் ஐந்து, கணக்கெடுப்புக்குப் பிறகு வெட்டியவை என்று வெட்டியவர் பெயரோடு சொன்னார். தூர்த்த கிணறு ஒன்றும் இல்லை. மிச்சம் முப்பத்து நாலு.

இளையபெருமாள் திரும்பி வந்து சொன்னபோது வேதநாயகி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏழு வருசமா யாரும் கேக்கல சார். யார்கிட்ட போயி சொல்றது?"

"அடிக்குறிப்புல உங்க பேரைப் போடலாமா?"

கொஞ்சம் யோசித்தாள். "போடுங்க. இனிஷியல் எஸ்."

முப்பத்து நாலு என்றால் பக்கத்து ஊர்களைவிடக் கிணறு அதிகமில்லை; அந்த அத்தியாயத்தை அவன் முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. இரண்டு மாதம் ஆயிற்று. முடித்ததும் டைப் அடிக்க அவளுக்கே அனுப்பினான். அட்டவணைகளை வேறொருவரை விட்டு வாசிக்கச் சொல்லி அவள் ஒவ்வொரு எண்ணாக ஒப்புப் பார்த்தாள். அதற்கு மட்டும் மூன்று நாள் கூடுதலாகப் பிடித்தது.