அனுபிஸ் போட்ட கவசம்

நிகானோர் திடகாத்திரமாக இருக்கும்போதே தன் நிலத்தடிக் கல்லறைக்கு ஓவியம் வரைய என்னைக் கூப்பிட்டார். அலெக்சாந்திரியாவில் கொஞ்சம் வசதி வந்தவர்கள் எல்லோரும் செய்வதுதான். என்னைப் போல அவரும் எகிப்துக்காரர்தான்; அம்மா வைத்த பெயர் பஷாய். உடற்பயிற்சிக்கூடத்துக் கிரேக்கர்களோடு பழக ஆரம்பித்ததும் நிகானோர் ஆகிவிட்டார்.

"சுத்தமான கிரேக்கப் படமா இருக்கணும்ப்பா. பாதாள ராஜா ஹேடிஸ், பூப்பறிக்கிற பெர்செபோனைத் தேர்ல தூக்கிட்டுப் போறாரே, அதைப் போடு."

நான் கரிக்கோடு இழுத்து முடிப்பதற்குள் அவர் மனைவி தைசிஸ் படியிறங்கி வந்தாள்.

"ஏங்க, சாகப் போறது நீங்க. எவனோ எவளையோ தூக்கிட்டு ஓடுறதை எதுக்கு எழுதி வைக்கிறீங்க? அனுபிஸ் சாமி வந்து உடம்பைக் கெடாமப் பதம் பண்ணலேன்னா அந்தப் பக்கம் எழுந்திரிக்கவே முடியாது. அப்புறம் தேர்ல யாரு ஏறுறது?"

நிகானோரின் முகம் வெளுத்தது. "நாய்மூஞ்சி சாமியைப் பார்த்தா தியோன் சிரிப்பாரேடி," என்றார். தியோன் அந்தக் கூடத்தின் தலைவர். அவர் ஒரு தடவை சிரித்தால் நிகானோருக்கு மூன்று நாள் சோறு இறங்காது.

கடைசியில் சுவரை இரண்டாகப் பிரித்தேன். மேலே தேர். கீழே கட்டிலில் கிடத்திய உடல், பக்கத்தில் அனுபிஸ்.

"அவருக்கு ரோமச் சிப்பாய்க் கவசம் மாட்டிவிடு, கௌரவமா இருக்கும்," என்றார் நிகானோர். மாட்டினேன். "காதைக் கொஞ்சம் குறை." குறைத்தேன். சாமி பூனை மாதிரி ஆகிவிட்டார். தைசிஸ் சண்டைக்கு வந்தாள். மறுபடி நீட்டினேன்.

வேலை முடிந்ததும் தியோனை அழைத்து வந்தார். அவர் தேரைப் பார்த்து, "நல்லா இருக்கு," என்று கொட்டாவி விட்டார். கீழ்ப்பாதியை மட்டும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அது... வீட்டுக்காரி ஆசைப்பட்டா..." என்று இழுத்த நிகானோர், ஒயின் எடுத்து வர மேலே ஓடினார்.

உடனே தியோன் என் கையைப் பிடித்தார். "இது நிஜமாவே வேலை செய்யுமாப்பா?"

"எதுங்கய்யா?"

"மறுபடி எழுந்திரிக்கிறது. எங்க கதையில செத்தவன் எல்லாம் நிழலா அலையுறதோட சரி. எனக்கும் ஒண்ணு வரைஞ்சு குடு. நிகானோருக்குத் தெரிய வேணாம். என்னைக் கேவலமா நினைப்பாரு."

தூணுக்குப் பின்னால் நின்றிருந்த தைசிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒயினோடு வந்த கணவரிடம் அங்கேயே சொல்லியும்விட்டாள். தியோன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நிகானோர் கிண்ணங்களைத் தரையில் வைத்தார். அனுபிஸ் முன்னால் இரண்டு கைகளையும் உயர்த்தி, எங்கள் எகிப்து மொழியில், சின்ன வயதோடு விட்டுப்போன பிரார்த்தனையை முணுமுணுத்தார். பாதியில் மறந்துவிட்டது. தைசிஸ் எடுத்துக் கொடுத்தாள். தியோனும் கையை உயர்த்தி அவள் பின்னாலேயே சொன்னார். உச்சரிப்பு அத்தனையும் தப்பு. சத்தம் மட்டும் எங்கள் எல்லோரையும்விடப் பெரிது.