காலையில் இட்ட இரண்டு டஜன்

முட்டை ஓடு உரிய மாட்டேன் என்று அடம்பிடித்தது. ரெனாட்டா குழாய்த் தண்ணீரில் பிடித்து நகத்தால் கீறினாள். ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்துகொண்டு வந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்தது அதைவிட மோசம். மணி மூன்று. ஐந்து மணிக்குத் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஹாலோவீன் விருந்து. உரித்த பன்னிரண்டும் அம்மை வார்த்த முகம் மாதிரி குழிகுழியாகக் கிடந்தன.

"கர்ட்! இங்க வந்து பாரேன், என் மானம் போகுது!"

அவள் கணவன் எட்டிப் பார்த்தான். நல்ல மனிதன்தான். ஆனால் எதை எப்போது சொல்லக்கூடாதோ அதை அப்போதே சொல்லிவிடுவான். "எலி கொறிச்ச மாதிரி இருக்கே. பேசாம இந்த வருஷமும் நாப்கினே கொண்டுபோயிரலாமா?"

அடுப்படியில் வேறு எதுவும் கையில் இல்லாததால் அவன் பிழைத்தான்.

சிகாகோவை விட்டு மினசோட்டாவில் இருக்கும் அவனுடைய இந்தச் சின்ன ஊருக்கு அவள் வந்து இரண்டு வருடம் ஆகிறது. இங்கே எந்த விருந்தென்றாலும் யார் எதைக் கொண்டுவருவது என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். ரெனாட்டாவின் பெயர் ஒவ்வொரு முறையும் காகித நாப்கினுக்கு நேரே இருக்கும். நாப்கினை யாராலும் கருக்க முடியாது பாருங்கள்! மற்றபடி ஊர் அவளைப் பார்த்துச் சிரிக்கும், குளிரைப் பற்றி விசாரிக்கும். உள்ளே வந்து ஒரு வாய் காபி குடி என்று மட்டும் ஒருத்தியும் சொன்னதில்லை.

இந்த வருடம் வழக்கமாக முட்டை செய்யும் பெவ் என்பவளுக்கு முழங்கால் ஆபரேஷன். அவித்த முட்டையை இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவை மயோனைஸும் கடுகு விழுதும் போட்டுப் பிசைந்து திரும்ப நிரப்பி, மேலே கறுப்பு ஆலிவில் சிலந்தி செய்து உட்கார்த்த வேண்டும். அந்தப் பொறுப்பு ரெனாட்டாவுக்கு வந்துவிட்டது. இதில் சொதப்பினால் சாகிறவரைக்கும் நாப்கின்தான், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அதனால்தான் கடை முட்டை வேண்டாம் என்று, கோழி வளர்க்கும் ஆர்டிஸ் வீட்டு வாசலில் காலையிலேயே போய் நின்றாள். விருந்துப் பட்டியல் எழுதுவதும் அதே ஆர்டிஸ்தான். "விருந்துக்கு முட்டை பண்றேன். இன்னிக்கு இட்டதாப் பாத்துக் குடுங்க. பழசு ஒண்ணுகூடக் கலக்கக் கூடாது" என்றாள். ஆர்டிஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். சூடு ஆறாத இரண்டு டஜன் முட்டையை எடுத்துவந்து கொடுத்தாள்.

கர்ட் செல்போனைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். "அன்னிக்கு இட்ட முட்டைய அவிச்சா ஓடு உரியாதாம். பத்து நாளாவது வெச்சிருந்து அவிக்கணுமாம்."

"இத இப்ப சொல்லு!"

"எனக்கெப்படித் தெரியும்? நான் என்ன கோழியா?"

ரெனாட்டாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவும் செய்தாள், ஒரு நிமிடம். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஆகக் கேவலமாக இருந்த முட்டையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் குப்புறத் திருப்பினாள். இரண்டு குழி, நடுவில் ஒரு கிழிசல். புதைத்த இடத்திலிருந்து எழுந்து வந்தவன் மாதிரி அது அவளை முறைத்தது. "அட சனியனே, நீதான்டா எனக்கு வேணும்" என்றாள்.

குளிர்பெட்டியிலிருந்து வினிகரில் ஊறிய பீட்ரூட் பாட்டிலை எடுத்தாள். சாற்றில் முக்கியதும் குழிகளிலும் வெடிப்புகளிலும் சிவப்பு ஏறி நரம்பு நரம்பாக ஓடியது. வட்ட பிஸ்கட்டில் மஞ்சள் கரு மசியலை வைத்து, அதன்மேல் வெள்ளையை மண்டையோடு போலக் கவிழ்த்தாள். கண்குழியில் ஆலிவ் துணுக்கு. கர்ட் ஆலிவ் நறுக்கினான். வாயைத் திறக்கவில்லை, அதுவே பெரிய உதவி.

கூடத்தில் பிள்ளைகள் குளிர்ச்சட்டைக்கு மேல் பேய் வேஷத்தை மாட்டிக்கொண்டு பூசணி பூசணியாக உருண்டுகொண்டிருந்தார்கள். ரெனாட்டா தட்டை வைத்தாள். மேஜையைச் சுற்றி நின்ற பெண்கள் குனிந்து பார்த்தார்கள்.

"ரொம்ப... வித்தியாசமா இருக்கே" என்றாள் ஒருத்தி.

இந்த ஊரில் ஒரு பண்டத்தை வித்தியாசம் என்று சொன்னால் அதற்குக் கருமாதி ஆகிவிட்டது என்று அர்த்தம்.

அந்தச் சமயம் பார்த்துத் தீயணைப்பு நிலையத் தலைவர் வந்தார். பார்க்காமலே கையை விட்டு ஒன்றை எடுத்தார், வாய்க்குப் பக்கத்தில் வந்ததும் அதன் கண்ணைப் பார்த்தார், "ஐயோ!" என்று அலறினார். பிறகு தின்றார். "யாரு பண்ணது இது? என் பிணம்கூட இவ்ளோ நல்லா இருக்காது!" என்று இன்னொன்றை எடுத்தார். அவ்வளவுதான், மொய்த்துவிட்டார்கள்.

கால்மணி நேரத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. கடைசித் துண்டை எடுப்பது இங்கே பெரிய மரியாதைக்கேடு. ஒருத்தி கத்தியால் பாதி வெட்டி எடுத்தாள். அடுத்தவள் பாதியில் பாதி. கடைசியில் கடுகளவு மண்டையோடு ஒன்று நடுத்தட்டில் தனியாக நின்றது. ஆர்டிஸ் வந்தாள், எல்லாரும் பார்க்க அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கூடமே அசந்துபோனது.

தட்டையும் கையில் எடுத்துக்கொண்டு ரெனாட்டாவிடம் வந்தாள். குரல் தணிந்திருந்தது.

"காலையிலயே சொல்லியிருக்கணும்மா. உரியாதுன்னு எனக்குத் தெரியும். கேக்காம சொன்னா தப்பா எடுத்துப்பியோன்னு விட்டுட்டேன். பகல் பூரா மனசு உறுத்துச்சு."

"போகட்டும் விடுங்க. நல்லவேளை, நீங்க சொல்லல."

"தட்டைக் கழுவி வெக்கிறேன். வியாழக்கிழமை வந்து வாங்கிட்டுப் போ. காபி போட்டு வெக்கிறேன்." இரண்டடி போனவள் திரும்பினாள். "முன்வாசல்ல வந்து நிக்காத. அது இன்சூரன்ஸ்காரனுக்கு. நம்ம மனுஷங்களுக்குப் பின்வாசல் திறந்தேதான் இருக்கும், தட்டாம உள்ள வா."

காரில் ஏறியதும் ரெனாட்டா இதைக் கணவனிடம் சொன்னாள். கர்ட் சாவியைத் திருகாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்வாசலா? ஆர்டிஸா?" என்றான். "நான் இந்த ஊர்லயே பொறந்தவன். நாப்பத்தி மூணு வருஷமா என்னை முன்வாசல்லதான்டி நிக்க வெச்சிருக்கா!"