இடப்பக்கம் ஒரு விரற்கடை

நசுங்கின வண்டித் தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற டிங்கர் ஷெட்டுக் கதவைத் தள்ளினார். பதினோரு வருஷமாக இந்த வாசலை மிதிக்காதவர். முதலாளி செத்த அன்றைக்கு வந்ததுதான். அதற்குப் பிறகு அக்கா எத்தனை தடவை கூப்பிட்டும் முதுகுவலி, காய்ச்சல், தலைக்கு மேல் வேலை என்று ஏதாவது ஒரு சாக்கு. இந்தத் தடவை எந்தச் சாக்கும் எடுபடவில்லை.

"நீ எழுப்பி நிறுத்தின கார். விலை மதிக்க ஆள் வர்றார். நீ பக்கத்துல நிக்காம வேற யாருடா நிப்பா?" என்று அக்கா போனிலேயே கதையை முடித்துவிட்டாள்.

கூடப் பிறந்தவள் இல்லை. முதலாளியின் மனைவி. ஆனால் டிங்கர் பட்டறை போட்ட நாளிலிருந்து அவள் அவரைத் தம்பி என்றும் நீ என்றும்தான் கூப்பிடுவாள். அவருக்கும் சொல்லிக்கொள்ள வேறு அக்கா கிடையாது.

உள்ளே மண்ணெண்ணெயும் பழைய தோலும் கலந்த வாசனை. நாலு மரக்கட்டை மேல், டயர் தரையில் படாமல், அந்தக் கார் நின்றது. இங்கிலாந்தில் செய்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை நிறம், நீள மூக்கு, கம்பி போட்ட சக்கரம், மடக்கி வைக்கிற துணிக்கூரை. அறுபது வயசு தாண்டியும் மினுக்குக் குறையவில்லை.

டிங்கரின் கண் நேராக ஸ்டியரிங்குக்குத்தான் போனது. அது நேராக இல்லை. இடப்பக்கம் ஒரு விரற்கடை திரும்பியிருந்தது.

"பாத்தியா?" என்றாள் அக்கா. "தினமும் காலையில நேரா வச்சுட்டுப் போறேன். சாயங்காலம் வந்தா இப்படித்தான் இருக்கும். தெருவுக்குள்ள திரும்பப் பாக்கிறான், பாவம்."

அவள் மகன் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், இந்தத் தெருமுனையில், காரை வீட்டுப் பக்கம் இடது திருப்புகிற இடத்தில் லாரி மோதிப் போனவன். அப்போது அவனுக்கு இருபத்து நாலு. அந்தத் திருப்பத்தை அவன் முடிக்கவே இல்லை.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அக்கா இந்தக் காரின் இடது சீட்டில் ஏறி உட்காருவாள். வலது கையை நீட்டி ஸ்டியரிங் விளிம்பைத் தடவுவாள். அங்கே வரிசையாகச் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். பையன் இடது கையில் மோதிரம் போட்டிருப்பான். பாட்டு வந்துவிட்டால் விளிம்பில் மோதிரத்தால் தாளம் போடுவான். அந்தத் தழும்பு.

இப்போது வீட்டை விற்றாகிவிட்டது. மகள் வந்து கூட்டிப்போகக் காத்திருக்கிறாள். அக்கா ஒரே நிபந்தனைதான் போட்டாள். "இது என் பிள்ளையோட அசல் கார்னு தாள்ல எழுதிக் கொடுக்கணும். வாங்கறவன் ஒரு ஆணியக்கூட மாத்தக் கூடாது. அப்பத்தான் நான் இடத்தை விட்டு எழுந்திருப்பேன்."

மகள் டிங்கரைத் தனியே இழுத்துப் போய், "மாமா, நீங்கதான் எப்படியாவது சமாளிக்கணும். இல்லைன்னா அம்மா இந்த ஷெட்டுக்குள்ளயே குடிவந்துடுவாங்க" என்றாள். டிங்கர் தலையை ஆட்டினார். வாய் திறந்தால் எது வெளியே வருமோ என்று அவருக்கே நிச்சயமில்லை.

மதிப்பீட்டாளர் பத்து மணிக்கு வந்தார். ஒல்லி ஆள், முழுக்கைச் சட்டை. தோல் பெட்டியைத் திறந்து டார்ச், கையகலக் கண்ணாடி, பெயிண்ட் கனம் பார்க்கிற கருவி, துணியில் சுற்றிய காந்தம் எல்லாவற்றையும் கல்யாணத் தட்டு மாதிரி அடுக்கினார்.

"அடிபட்ட வண்டின்னு போன்ல சொன்னாங்க. இஞ்ச் இஞ்சா பார்த்தாகணும். கோவிச்சுக்காதீங்க" என்றார்.

"பாருங்க சார். வண்டி எங்கயும் ஓடிடாது, கால் தரையில இல்லை" என்றாள் அக்கா.

காந்தம் மட்கார்டு மேல் ஊர்ந்தது. தகரத்தின் பள்ளத்தை நிரப்ப மக்கு தடவியிருந்தால் அந்த இடத்தில் காந்தம் பிடிக்காமல் நழுவும். அது எங்கேயும் நழுவவில்லை. கதவு, பின்பக்கம், விளக்குக்குக் கீழ், எல்லா இடத்திலும் டப் டப்பென்று ஒட்டியது. ஒவ்வொரு டப்பையும் டிங்கர் எண்ணிக்கொண்டு நின்றார். ஆள் தரையில் படுத்து அடியில் நுழைந்தார். டார்ச் வெளிச்சம் காரின் தரைப்பலகை இடுக்கு வழியாக மேலே வந்து கூரையில் திரிந்தது.

அரை மணி கழித்து முதுகெல்லாம் தூசியோடு வெளியே வந்தவர் டிங்கரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயா, முப்பது வருஷமா இதே வேலை. ஒட்டு எவ்வளவு சுத்தமா இருந்தாலும் ஒரு மூலையில மாட்டிக்கும். இதுல தையலே இல்லை. சேஸிஸ்ல சுருக்கம் இல்லை, கதவு இடைவெளி நூல் பிடிச்ச மாதிரி. என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டும் ஜோடி. நொறுங்கின வண்டின்னு சொல்றாங்க. இதை எப்படிங்க பண்ணீங்க?"

"எட்டு மாசம்!" என்றாள் அக்கா பெருமையாக. "ராத்திரி பகல் பாக்காம தட்டுனான். ஊரே இவனைக் கொட்டாப்புளின்னு கூப்பிட ஆரம்பிச்சதே அதுக்கு அப்புறம்தான்."

டிங்கர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் தட்டியது வாஸ்தவம். எட்டு மாசமும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலை எடுத்துத் தட்டினார். ஆனால் தட்டியது இந்தக் காரை அல்ல. ஒரு பழைய லாரியின் மட்கார்டை. பையனின் கார் அப்போதே இல்லை. முதலாளி வந்து, "பிள்ளை போன அதிர்ச்சியில விழுந்தவ ஆஸ்பத்திரியில கண் முழிச்சு மொதல்ல காரைத்தான் கேட்டா. இல்லைன்னு சொன்னா மறுபடி கண்ணை மூடிடுவா" என்று பட்டறைத் தரையில் உட்கார்ந்து அழுதார். எங்கெங்கோ அலைந்து அதே பச்சையில், அதே ஜாதியில் வேறொரு காரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அது வந்து சேருகிற வரைக்கும் சத்தம் மட்டும் வரட்டும் என்றார். டிங்கர் சத்தத்தைக் கொடுத்தார். வந்த காரில் பழைய நம்பர் பலகையை மாட்டினார். நொறுங்கினதிலிருந்து முழுசாக மிஞ்சிய ஒரே பொருள் ஸ்டியரிங்தான். அதைக் கழற்றி இதில் போட்டார்.

அந்தச் சத்தத்தில்தான் அவருக்குப் பேர் வந்தது. நொறுங்கியதற்கு உயிர் கொடுக்கிறவன் என்று நாலு ஊர்க்காரன் வண்டி கொண்டுவந்தான். பிள்ளைகள் படித்தது, கூரைவீடு ஓட்டுவீடானது, எல்லாம் அந்த மட்கார்டு போட்ட பிச்சை. தூக்கத்தில் கூட சில நாள் அந்தத் தட்டு கேட்கும். எழுந்து பார்த்தால் கை அசைந்துகொண்டிருக்கும்.

மதிப்பீட்டாளர் ஓட்டுநர் சீட்டுப் பக்கம் குனிந்தார். டார்ச் ஸ்டியரிங்கில் நின்றது.

"இது ஒண்ணுதான் உறுத்துது" என்றார்.

"எது?" என்றாள் அக்கா.

"ஸ்டியரிங். மெல்லிசுக் கம்பி நாலு நாலா சேர்ந்த ஸ்போக் இது. இந்த வருஷத்து வண்டிக்குப் பட்டைத் தகடுல ஓட்டை போட்ட ஸ்போக் வரணும். கம்பி ஸ்போக் ரெண்டு வருஷம் முந்தின வண்டியில வந்தது. விளிம்பெல்லாம் வேற வெட்டு வெட்டா சேதம். இந்த வண்டியில அசல் இல்லாதது இது ஒண்ணுதாங்க. வாங்கறவர்கிட்ட சரியான ஸ்டியரிங் இருக்கு. மாட்டிட்டு இதைத் தூக்கிப் போட்டுடுவார். நான் அசல்னே எழுதித் தர்றேன்."

மகள் முகத்தில் நிம்மதி வந்தது. அக்கா முகத்தில் ரத்தம் ஏறியது.

"தூக்கிப் போடுவாரா? அது அவன் கை பட்டது சார்!"

"அம்மா, அப்ப அதை மட்டும் கழட்டி நாம எடுத்துட்டுப் போயிடலாம்" என்றாள் மகள்.

"கழட்டக் கூடாது. ஒருதடவை அவனைத் துண்டு துண்டாப் பாத்தது போதும். போனா எல்லாம் சேர்ந்தே போகட்டும். இந்த சீட்டு, இந்தக் கதவு, இந்த மிதி, எல்லாம்தானே அவன். வட்டத்தை மட்டும் வீட்டுல மாட்டி வச்சு நான் என்ன பண்ண?" அவள் மதிப்பீட்டாளர் பக்கம் திரும்பினாள். "அதுவும் அசல்தான்னு எழுதுங்க. அவர் மாத்தாம வச்சுக்கட்டும்."

"எழுதறேம்மா. ஆனா வாங்கினப்புறம் அவர் கையை நான் பிடிக்க முடியாதே."

"என் காது கேக்க சத்தியம் பண்ணிட்டு வாங்கட்டும்."

டிங்கருக்குத் தெரிந்துபோனது. நாளைக்கே லாரி வரும். யாரோ ஒருவனின் சீட்டும் யாரோ ஒருவனின் கதவும் துணி போர்த்திப் பத்திரமாகப் போய்ச் சேரும். பையனின் கை பட்ட ஒரே பொருள் எங்கோ ஒரு குப்பைத் தொட்டியில் கிடக்கும். அதைத் தடுக்க வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் இருபத்திரண்டு வருஷம் வெளியே கொட்டும்.

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். அக்கா இப்போதுதான் நேராக்கி வைத்திருந்தாள். மறுபடி இடப்பக்கம் ஒரு விரற்கடை.

"உள்ளே பல் தேய்ஞ்சிருக்கும், அதான் தானா நகருது" என்றார் மதிப்பீட்டாளர் அவர் பார்வையைக் கவனித்து.

"தேயலை சார்" என்றார் டிங்கர். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "அக்கா, அதைக் கழட்டி நீங்களே வச்சுக்குங்க."

"நீயுமாடா?"

"அது மட்டும்தான் அக்கா அவனோடது."

டார்ச் அணையாமல் அதே இடத்தில் எரிந்தது.

"மத்ததெல்லாம்?" என்றாள் அக்கா.

"வேற கார். முதலாளி வாங்கிட்டு வந்தது. அவன் கார் தேறலை. நான்தான் அறுத்தேன், மூணு நாள். பழைய இரும்புக்குப் போயிடுச்சு."

"தட்டுன சத்தம் கேட்டுச்சே. ஆஸ்பத்திரியிலிருந்து வர்ற வழியில வண்டிய நிறுத்தச் சொல்லி உன் வாசல்ல நின்னு கேட்டேனே. இன்னும் தட்டுறான், இன்னும் என் பிள்ளை முழுசாகலைன்னு..."

"வெறும் தகரம் அக்கா."

அக்கா காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, சூடு பட்டதுபோல, கையை எடுத்துவிட்டாள்.

"அவருக்குத் தெரியும்" என்றாள் மெதுவாக. "அதுக்கப்புறம் பதினோரு வருஷம் ஒரே கட்டில்ல படுத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லலை."

"சொல்ல வந்தார்ம்மா" என்று மகள் ஏதோ ஆரம்பித்தாள். அவளுக்கும் அது தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"இருபத்திரண்டு வருஷமா எவனோ ஒருத்தன் சீட்டுல போய் உக்காந்து ஒப்பாரி வச்சிருக்கேன்" என்றாள் அக்கா. அது சிரிப்பா, வேறா என்று யாருக்கும் புரியவில்லை.

மதிப்பீட்டாளர் தாளில் ஒரு வரியை அடித்தார். "அப்ப இது அடிபடாத வண்டி. அதான் தையல் இல்லை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு டிங்கரைப் பார்த்தார். சற்று முன் கும்பிட்ட கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேனாவை மூடினார்.

"கழட்டு" என்றாள் அக்கா.

டிங்கர் பையிலிருந்து இஞ்ச் ஸ்பேனரை எடுத்தார். ஹார்ன் மூடியை நீக்கினால் அடியில் பெரிய நட்டு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் அவர் தடவிய கிரீஸ் இன்னும் இளகிக் கிடந்தது. கொட்டாப்புளியால் அடியிலிருந்து ஒரே தட்டு. அந்தக் காரின் மேல் அவர் உண்மையாகத் தட்டியது அது ஒன்றுதான். ஸ்டியரிங் கையோடு வந்துவிட்டது. அக்காவிடம் நீட்டினார். அவள் அவர் விரல் படாமல் வாங்கினாள்.

காரில் ஏறவில்லை. கதவோரம் கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டாள். விரல் தானாக அந்த வெட்டுகளைத் தேடிப் போயிற்று.

"எப்ப கிளம்பறோம்?" என்று மகளைக் கேட்டாள். காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டிங்கர் தயங்கி நின்றார். "அக்கா..."

"நீங்க கிளம்புங்க" என்றாள்.

நீங்க. அவர் பட்டறை போட்ட நாளிலிருந்து ஒருதடவைகூட அந்த வாயிலிருந்து அவருக்கு வராத சொல். ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தார். காரில் மொட்டையாக நின்ற ஸ்டியரிங் தண்டு அசையவில்லை. இரும்பு இரும்பாகவே இருந்தது. அக்கா இரண்டு கையாலும் புடவைத் தலைப்பை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில், யார் கையும் படாமல், அந்த வட்டம் மெள்ள இடப்பக்கம் ஒரு விரற்கடை திரும்பிற்று.

அக்கா தலைப்பை இறக்கிப் பார்த்தாள். திடுக்கிடவில்லை. உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள்.

"இருடா, இரு" என்றாள். "போகலாம்."